காசியைக் காட்டாமல் காசியைத் தீட்டுவது: அரூப ஓவியத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காசியைப் பார்த்து வரைந்த படங்கள் பெரும்பாலும் ஒரே சாடையில் இருக்கும். ஒரு படகு, ஒரு மூங்கில் குடை, காவி உடுத்திய ஒருவர், பின்னால் கூரிய சிகரங்கள், தண்ணீரில் உதயசூரியனின் செம்பொன் கோடு. நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் டெல்லியில் நவீன ஓவியர் ராம் குமாரின் காசி ஓவியம் ஒன்றின் முன் நிற்க நேர்ந்தது. சாம்பல், மண்பழுப்பு, இடையிடையே கரிய பிளவுகள், ஓரத்தில் அழுக்கேறிய வெள்ளை. படகும் இல்லை, மனிதரும் இல்லை. ஆனாலும் அது காசி என்பதில் எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை.

எதை வைத்து அதைக் காசி என்று என் கண் கண்டுகொண்டது என்று கேட்டுக்கொண்டதிலிருந்துதான் அரூப ஓவியத்துக்கான, அதாவது பொருள்களின் உருவத்தைக் காட்டாமல் தீட்டும் ஓவியத்துக்கான, இந்த வழிமுறை பிறந்தது. ஊரின் கட்டடக்கலையைப் படித்து, வரைந்து, வரைந்ததிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, எஞ்சியதைக் கித்தானில் (கான்வாஸில்) ஏற்றுவதுதான் மொத்த வேலையும். தைல வண்ணத்தில் ஓரளவு பழக்கம் இருந்தால் போதும். அவசரப்படாமல் செய்தால் இரண்டு மாதமாவது ஆகும்.

படி 1: ராம் குமாரிடம் கால்மணி நேரம்

1924-இல் சிம்லாவில் பிறந்த ராம் குமார் பொருளாதாரம் படித்தவர். வங்கி வேலையை விட்டுவிட்டு ஓவியத்துக்கு வந்தார். 1950 வாக்கில் பாரிஸ் சென்று ஆந்த்ரே லோத்திடமும் ஃபெர்னாண்ட் லெஜேயிடமும் பயின்றார். இருவருமே கியூபிசத்தில் ஊறியவர்கள். பொருளைத் தளங்களாக உடைத்து மறுபடி அடுக்குகிற பார்வை அங்கேதான் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். இந்தியில் சிறுகதைகளும் எழுதினார்; எழுத்தாளர் நிர்மல் வர்மா அவருடைய தம்பி.

ஊர் திரும்பிய பின் 1950-களில் அவர் தீட்டியது மனிதர்களைத்தான். வேலையில்லாத பட்டதாரிகள், நகரத்தில் தொலைந்துபோன குடும்பங்கள், வெறித்த கண்கள். 1960 வாக்கில் ஓவியர் எம்.எஃப். ஹுசைனுடன் காசிக்குப் போனார். அதன்பின் அவர் ஓவியங்களிலிருந்து மனிதர்கள் மறைந்துபோனார்கள். இந்தியாவிலேயே நெரிசல் மிகுந்த ஊர்களில் ஒன்றுக்குப் போய்விட்டு வந்தவர், ஒருவர்கூட இல்லாத ஊரைத் தீட்டினார். 2018-இல் மறையும்வரை அந்த ஊர் அவர் கித்தானுக்குத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது.

அவர் ஓவியம் ஒன்றை நேரில் பார்க்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நல்ல தரத்தில் அச்சான படம் போதும். கைப்பேசித் திரை வேண்டாம். அதில் சாம்பல்கள் எல்லாம் ஒன்றாகிவிடும். கால்மணி நேரம் ஒதுக்குங்கள். அதில் முதல் ஐந்து நிமிடம் ஒரு கட்டுப்பாடு: இது கோயிலா, இது படியா என்று தேடக் கூடாது. தேட ஆரம்பித்தால் ஓவியம் விடுகதையாகிவிடும். விடை தெரிந்ததும் அலுத்துப்போகும்.

கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். கனமான இடம் எது? பார்வை எங்கே இடிக்கிறது, எங்கே மூச்சு விடுகிறது? கட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்திருக்கின்றனவா, சரிந்து நழுவுகின்றனவா? காசி ஓவியங்கள் பலவற்றில் கட்டட வடிவங்கள் ஒரு பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். பக்கத்திலோ கீழேயோ பெரிய வெறுமை இருக்கும். இந்த ஏற்றத்தாழ்வைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த படியில் விளங்கும்.

படி 2: ஊர் எப்படிக் கட்டப்பட்டது என்பதைப் படிப்பது

வரைய வருகிறவர்கள் தாண்டிப் போய்விடுகிற படி இது. அரூப ஓவியம் என்றால் மனம்போன போக்கில் வண்ணம் பூசுவது என்ற எண்ணமே காரணம். காசி ஏன் அப்படித் தெரிகிறது என்று தெரியாமல் அதிலிருந்து எதையும் கழிக்க முடியாது.

தென்கிழக்காக ஓடிவரும் கங்கை காசியில் வடக்கு நோக்கித் திரும்பிப் பிறைநிலா போல வளைகிறது. ஊர் மேற்குக் கரையில் உயரமான மேட்டில் நிற்கிறது. அதனால் அசியிலிருந்து ஆதிகேசவம் வரை ஆறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளும் படித்துறைகள் அத்தனையும் கிழக்கைப் பார்த்திருக்கின்றன. எண்பத்து நான்கு என்று கணக்குச் சொல்வது வழக்கம். எதிர்க்கரையில், தெற்கே ராம்நகர் கோட்டை நீங்கலாக, பெரும்பகுதி வெறும் மணல். ஒரு கரையில் முழு ஊரின் பாரம், மறுகரையில் ஒன்றுமில்லை. ராம் குமாரின் ஏற்றத்தாழ்வுக்கு வேர் அந்த நில அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கணிப்பு.

கல் பெரும்பாலும் சுனாரிலிருந்து வந்த மணற்கல். ஆற்றின் மேற்போக்கில் உள்ள சுனாரிலிருந்து படகில் ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். வெளிர் மஞ்சளும் லேசான இளஞ்சிவப்பும் கலந்த நிறம். நனைந்தால் தேன்பழுப்பு, புகை படிந்தால் கரி. இன்று நாம் பார்க்கும் படித்துறைகளில் பலவும் 18-ஆம் நூற்றாண்டில் மராட்டிய அரச குடும்பங்களின் காலத்தில் கல்லால் எடுத்துக் கட்டப்பட்டவை. விசுவநாதர் கோயிலை அகல்யாபாய் ஹோல்கர் திரும்பக் கட்டியது 1780-இல்.

ஓவியனுக்கு மிகவும் வேண்டிய செய்தி வெள்ளம். கோடை நீர்மட்டத்துக்கும் மழைக்கால வெள்ளத்துக்கும் இடையே பத்து மீட்டருக்கு மேல் வேறுபாடு உண்டு. 1978 செப்டம்பரில் கடல்மட்டத்திலிருந்து 73.9 மீட்டர் உயரத்தைத் தொட்டது; அபாயக் குறியீடே 71.26 மீட்டர்தான். இதனால் ஆற்றோர அரண்மனைகளின் கீழ்ப்பகுதி முழுவதும் சன்னலே இல்லாத மொட்டைச் சுவர். வெள்ளத்தின் அடியைத் தாங்க எண்கோணத்திலும் வட்டத்திலும் கொத்தளங்கள். சன்னல், மாடம், சத்திரி (தூண்கள் தாங்கும் சிறு குவிமாடம்) எல்லாம் உச்சியில்தான். தர்பங்கா கட்டத்தில் (ஊர்ப்பெயரோடு வரும்போது கட்டம் என்றால் படித்துறை) நின்று அண்ணாந்து பார்த்தால் இது உடனே தெரியும். கீழே ஊமைத்தனம், மேலே பேச்சு. கோபுரமும் கலசமும் எந்தக் கோயில் ஊரிலும் உண்டு. ஆற்றுக்கு அஞ்சி எழுந்த இந்த ஊமைச் சுவர்தான் காசியின் தனி முகம் என்பேன்.

நேர்க்கோடுகளின் உலகத்தில் இரண்டு சரிவுகளையும் மனத்தில் வையுங்கள். மணிகர்ணிகைக்கும் சிந்தியா கட்டத்துக்கும் அருகே ரத்னேசுவரர் கோயில் ஏறத்தாழ 9 பாகை சாய்ந்து, ஆண்டில் பல மாதம் கருவறையில் நீரோடு நிற்கிறது. ஆற்றோர அரண்மனையான மான்மந்திரின் மொட்டைமாடியில் ஜெய்சிங் மன்னர் 18-ஆம் நூற்றாண்டில் அமைத்த வானாய்வுக் கருவிகள் இருக்கின்றன. அங்குள்ள சாம்ராட் யந்திரம் என்ற பெரிய சூரியக் கடிகாரத்தின் முக்கோணச் சுவர் புவியின் அச்சுக்கு இணையாகச் சரிந்திருக்கும். அதாவது காசியின் அட்சரேகையான 25 பாகைக்குச் சற்று அதிகம். ஒன்று மண் இளகியதால் வந்த சாய்வு, மற்றொன்று வானத்தைக் கணக்கிட்டு வைத்த சாய்வு. என் ஓவியங்களில் சாய்கோடு வேண்டும்போதெல்லாம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கிறேன். மனத்துக்குத் தோன்றிய கோணத்தில் கோடு போட்டால் அது அலங்காரமாகவே நின்றுவிடுகிறது.

படி 3: மூன்று இடத்திலிருந்து வரைவது

தேவையானவை: ஒரு வரைபுத்தகம், கரித்துண்டு, 6பி பென்சில், காட்சியைச் சட்டமிட்டுப் பார்க்க அட்டையில் இரண்டுக்கு மூன்று அங்குலத்தில் வெட்டிய ஒரு சாளரம். வண்ணம் எதையும் எடுத்துப் போகாதீர்கள். வண்ணம் கையில் இருந்தால் காவியும் சாமந்தியும் உங்களை இழுத்துக்கொண்டு போய்விடும்.

முதல் நாள் படகில். விடிந்ததும் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ஒளி ஊரின் முகத்தில் நேராக விழும். நேர் ஒளியில் நிழல் குறையும். நிழல் குறைந்தால் ஆழம் குறையும். அரை மைல் ஆழமுள்ள ஊர் ஒரே சுவராகத் தட்டையாகிவிடும். கோயிலின் மேல் வீடு, வீட்டின் மேல் மதில், மதிலின் மேல் வேறொரு கோயில் என்று அடுக்கிவைத்ததுபோலத் தெரியும். மாலையில் அதே இடத்துக்கு மீண்டும் போங்கள். இப்போது சூரியன் ஊருக்குப் பின்னால். விவரமெல்லாம் அழிந்து ஒரே கருநிறைவாக எழுந்து நிற்கும். ஒரே இடத்தின் இந்த இரண்டு வரைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரூபத்தின் பாதிப் பாடம் கையில் வந்துவிடும்.

இரண்டாம் நாள் சந்துகளில். காசியின் சந்துகளில் வானம் தலைக்கு மேல் ஒரு பட்டை மட்டுமே. ஒளி மேலிருந்து ஆப்புபோல இறங்கி இடுப்புயரத்தில் தீர்ந்துபோகும். அங்கே கட்டடங்களை வரையாதீர்கள்; கட்டடங்களுக்கு இடையே உள்ள இடைவெளியின் வடிவத்தை மட்டும் கரியால் நிரப்புங்கள். பத்துச் சந்துகள், பத்துக் கரிய வடிவங்கள். ராம் குமாரின் கித்தானில் கட்டட வடிவங்களுக்கு நடுவே ஓடும் இருட்டுப் பிளவுகள் எனக்கு அர்த்தமானது இந்தப் பயிற்சிக்குப் பிறகுதான்.

மூன்றாம் நாள் எதிர்க்கரை மணலில். காகிதத்தில் முக்கால் பங்கு வெறுமையாக இருக்கட்டும். ஊரை மேல் ஓரத்தில் ஒரு விரல் அகலத்தில் மட்டும் வையுங்கள். கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரைவின் மூலையிலும் இரண்டு செய்திகளை எழுதுங்கள்: எந்தக் கட்டம், அன்றைக்குத் தண்ணீருக்கு மேல் எத்தனை படி தெரிந்தது. இந்த எண்ணிக்கை பின்னால் உதவும்.

மணிகர்ணிகையிலும் அரிச்சந்திர கட்டத்திலும் சிதைகளையோ உறவினரின் முகங்களையோ வரையவும் வேண்டாம், படமெடுக்கவும் வேண்டாம். அவர்கள் தங்கள் வாழ்வின் மிகக் கொடிய நாளில் நிற்கிறார்கள். அங்கே அடுக்கியிருக்கும் விறகுக் குவியல்களும் புகையில் கறுத்த கோயில் கற்களும் உங்களுக்குப் போதும். தள்ளி நின்று பார்த்து, அறைக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இறங்குவது பெரும்பாலும் கேதார கட்டம், அனுமான் கட்டம் பக்கம்தான். குமரகுருபரர் 17-ஆம் நூற்றாண்டில் நிறுவிய குமாரசாமி மடமும் அங்கே இருக்கிறது. கேதாரேசுவரர் கோயிலின் செங்காவிப் பட்டையும் வெள்ளைப் பட்டையும் நம் ஊர்க் கோயில் மதிலை நினைவூட்டும். பாசத்தில் அதை அப்படியே வரைந்துவிடுவோம். நான் மூன்று தடவை அங்கே உட்கார்ந்து வரைந்தும் ஒன்றுகூடத் தேறவில்லை. பழகிய ஒன்றைக் கண் பார்ப்பதில்லை, படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. முதலில் பழக்கமில்லாத கட்டத்தில் தொடங்குங்கள்.

காசிக்குப் போக முடியாதவர்கள் வெவ்வேறு பருவங்களில் எடுத்த புகைப்படங்களைக் கறுப்பு வெள்ளையில் அச்செடுத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆங்கிலேயரான ஜேம்ஸ் பிரின்செப் 1820-களில் அங்கிருந்த நாணயச் சாலையில் பணியாற்றியபோது வரைந்த காட்சிகளும் உதவும். பஞ்சகங்கை கட்டத்தின் மேலுள்ள மசூதிக்கு அன்று இருந்த உயர்ந்த மினார்களை அவற்றில் காணலாம். இன்று அவை இல்லை. அந்த இரண்டு செங்குத்துக் கோடுகள் போனதும் கரையின் முழு அமைப்பும் எப்படி மாறிவிட்டது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதே நல்ல பயிற்சி.

படி 4: கழித்தல்

இனி ஊருக்குத் திரும்பிப் பார்க்கக் கூடாது. புகைப்படங்களை உறையில் போட்டு மூடிவிடுங்கள். வரைவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அதைப் பார்த்து முதல் வரைவு, முதலாவதைப் பார்த்து இரண்டாவது, இப்படி ஐந்து. ஒவ்வொரு வரைவும் அதற்கு முந்தையதிலிருந்து மட்டுமே பிறக்க வேண்டும்.

முதல் வரைவில் அசைகிறவை எல்லாம் போகட்டும்: மனிதர், படகு, குடை, கொடி, மாடு. இரண்டாவதில் கட்டடத்தின் நகைகள் போகட்டும்: சன்னல், மாடம், தூணின் வேலைப்பாடு, கலசம். மூன்றாவதில் தூரம் போக வேண்டும். தொலைவில் உள்ளது சிறிது, அருகில் உள்ளது பெரிது என்ற கணக்கை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குக் கொண்டுவாருங்கள். படகிலிருந்து பார்த்த காலை நினைவு இங்கே கைகொடுக்கும். நான்காவதில் எல்லைக்கோடுகளை அழியுங்கள். ஒரு சுவர் முடிந்து மற்றொன்று தொடங்குமிடம் கோட்டால் அன்றி இருட்டு வெளிச்சத்தால் தெரிய வேண்டும். ஐந்தாவதில் நிறை மட்டும் மிஞ்சும். எது எதைத் தாங்குகிறது, எது எதன்மேல் சாய்கிறது, எங்கே வெற்றிடம்.

நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்குப் போகும்போது பெரும்பாலானவர்களுக்குப் படம் செத்துவிடும். சதுரங்கள் மட்டும் கிடக்கும். அப்படி ஆனால் மூன்றாவதுக்குத் திரும்பி, விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஒன்றைத் தேடுங்கள். ஒரு சாய்வு, ஒரு மொட்டைச் சுவரின் நீளம், ஒரு பிளவின் அகலம். அதை மட்டும் துல்லியமாக வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழியுங்கள். துல்லியமான ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும், ஓவியம் ஊரை மறக்காது.

இப்படிக் கழிப்பதுதான் ஒரே வழி என்று நினைத்துவிட வேண்டாம். மனு பரேக்கின் காசி ஓவியங்களைப் பாருங்கள். 1939-இல் அகமதாபாதில் பிறந்தவர், தந்தையின் மறைவுக்குப் பின் காசிக்குப் போய் அதன் பிடியில் அகப்பட்டவர். அவர் கித்தானில் இரவு, விளக்கு, பூக்குவியல், கொதிக்கும் நீலமும் மஞ்சளும் எல்லாம் பொங்கி வழியும். ராம் குமார் குறைத்துக் கண்டதை அவர் நிறைத்துக் கண்டார். நான் குறைக்கும் வழியைச் சொல்வதற்குக் காரணம், கற்கத் தொடங்குகிறவருக்கு நிறைப்பது எளிதில் ஏமாற்றிவிடும். குறைத்ததில் குறை இருந்தால் உடனே வெளியே தெரியும்.

படி 5: காகிதத் துண்டுகள்

ஐந்தாவது வரைவு கைக்கு வந்ததும் வெள்ளை, இரண்டு சாம்பல், கறுப்பு என நான்கு நிறக் காகிதங்களை எடுத்து அதன் வடிவங்களை வெட்டிக்கொள்ளுங்கள். எட்டுக்குப் பத்து அங்குல அட்டையில் ஒட்டாமல் நகர்த்தி நகர்த்திப் பாருங்கள். பிடித்த அமைப்பு வரும்போதெல்லாம் கைப்பேசியில் படமெடுத்துவிட்டுக் கலையுங்கள். இருபது அமைப்பாவது பார்த்த பிறகே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

கவனிக்க வேண்டிய பிழைகள் சில. எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பது. பெரிய வடிவம் நட்டநடுவில் வந்து உட்காருவது. ஆறு என்று ஒரு கிடைப்பட்டை கீழே ஓடி, அதன்மேல் ஊர் என்று படம் இரண்டாகப் பிளப்பது. எல்லாவற்றிலும் மோசமானது, எப்படியாவது உள்ளே நுழைந்துவிடும் ஒரு முக்கோணம். சிகரம் என்று பார்க்கிறவருக்குச் சைகை காட்டிவிடலாம் என்ற ஆசையில் வருவது அது. எடுத்துவிடுங்கள்.

படி 6: நிறங்கள்

டைட்டானியம் வெள்ளை, யெல்லோ ஓக்கர், ரா அம்பர், பர்ன்ட் சியென்னா, அல்ட்ராமரின் நீலம், ஐவரி கறுப்பு. இந்த ஆறு போதும்.

சாம்பலைக் கறுப்பும் வெள்ளையும் கலந்து உண்டாக்காதீர்கள்; அது சிமென்ட் நிறத்தைத்தான் தரும். அல்ட்ராமரினையும் பர்ன்ட் சியென்னாவையும் கலந்தால் ஆழ்ந்த ஒரு கருமை வரும். அதில் வெள்ளை சேர்த்தால் நீலம் கூடினால் குளிர்ந்த சாம்பல், சியென்னா கூடினால் சூடான சாம்பல். காசியின் மார்கழி மூடுபனிக்கு முதலாவது, சிதைப்புகை படிந்த கல்லுக்கு இரண்டாவது. சுனார்க் கல்லுக்கு ஓக்கரும் வெள்ளையும் ஒரு பொட்டு ரா அம்பரும். அதே கல் நனைந்திருந்தால் வெள்ளையைக் குறைத்துச் சியென்னாவைக் கூட்டுங்கள். கங்கைக்கு நீலம் எடுக்கத் தோன்றும். மழை முடிந்த கங்கை நீலமே இல்லை. ஐவரி கறுப்பில் ஓக்கரைக் கலந்து பாருங்கள். கலங்கிய பச்சை ஒன்று தானாக எழும். முதன்முறை அதைப் பலகையில் கண்டபோது நான் வேலையை நிறுத்திவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காவி வேண்டுமா? ஓக்கரும் சியென்னாவும் கலந்தாலே மங்கிய காவி வந்துவிடும். கட்டைவிரல் நகத்தளவுக்கு மேல் வேண்டாம். அதையும் கடைசி நாளில் முடிவு செய்யுங்கள்.

படி 7: கித்தானில்

இருபத்து நான்குக்கு முப்பது அங்குலக் கித்தான் தொடங்குவதற்கு ஏற்றது. கடையில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசியே கிடைக்கும். மேலும் ஒரு பூச்சு பூசி, காய்ந்ததும் உப்புக் காகிதத்தால் லேசாகத் தேயுங்கள். பிறகு ரா அம்பரை டர்ப்பன்டைனில் நீர்க்கக் கரைத்து முழுக்கப் பூசித் துணியால் துடைத்துவிடுங்கள். வெள்ளைக் கித்தானில் எந்த நிறமும் இருட்டாகத் தெரிந்து ஏமாற்றும்; இந்தப் பழுப்புத் தரையில் இருட்டும் வெளிச்சமும் தம் உண்மையான இடத்தில் நிற்கும்.

காகித அமைப்பைக் கரியால் பெரிதாக மாற்றி வரைந்து, முதலில் இருட்டுகளைப் பூசுங்கள். சந்துகளில் வரைந்த அந்தப் பத்துக் கரிய வடிவங்கள் இங்கே வேலைக்கு வரும். முதல் அடுக்கில் எண்ணெய் சேர்க்காதீர்கள், டர்ப்பன்டைன் மட்டும். அடுத்தடுத்த அடுக்குகளில் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கொழுப்பு குறைந்தது அடியில், கூடியது மேலே என்பது தைல வண்ணத்தின் ஆதார விதி. மாறிச் செய்தால் மேலடுக்கு முதலில் இறுகி, அடியடுக்கு பின்னால் அசைய, படம் வெடிக்கும். எனக்கு வெடித்திருக்கிறது. அவசரத்தில் அடியிலேயே எண்ணெய் ஊற்றித் தீட்டிய ஒரு படம், ஓராண்டு கழித்து ஊமைச் சுவரின் நடுவே வலைபோலப் பிளந்து நின்றது. அதைச் சரிசெய்ய வழியில்லாமல் போயிற்று.

மூன்றாவது அடுக்கிலிருந்து தூரிகையை வைத்துவிட்டுக் கத்தியை எடுங்கள். வண்ணக் கத்தி என்பது கொத்தனாரின் கரண்டி மாதிரி. வண்ணத்தைத் தட்டையாக இழுத்து அப்பினால் அது சுவராகவே நிற்கும். பூசிய உடனே பாதியைச் சுரண்டுங்கள். அடியில் உள்ள பழைய நிறம் அங்கங்கே எட்டிப் பார்க்கும். வெள்ளம் ஏறி வடிந்து வண்டல் படிந்து, அதைக் கழுவி, மறுபடி வெள்ளம் ஏறிய கல்லுக்கு இதைவிட நெருக்கமான கைவேலை எனக்குத் தெரியாது. படித்துறையில் அக்டோபரில் குழாய் வைத்துப் பீய்ச்சி மண்ணை அகற்றுகிறவர்களைப் பார்த்தால், அவர்கள் செய்வதும் நாம் செய்வதும் ஒன்றென்று தோன்றும்.

அடுக்குகளுக்கு இடையே காயவிடுங்கள். அம்பர் கலந்தவை ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. ஐவரி கறுப்பும் டைட்டானியம் வெள்ளையும் ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுக்கும். அக்ரிலிக்கில் செய்தால் இந்தக் காத்திருப்பு இல்லை, ஆனால் சுரண்டுவதற்குக் கிடைக்கும் நேரம் மிகக் குறைவு. காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் கடையில் கேட்டு வாங்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள். ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போடாதீர்கள். அது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தண்ணீரில் நனைத்து, விரித்து, வெளியில் காயப்போட்ட பின் அகற்றுங்கள்.

படி 8: எப்போது நிறுத்துவது

படத்தைத் தலைகீழாக்கி மூன்று நாள் சுவரில் சாய்த்து வையுங்கள். நிறை சரியாக அமர்ந்திருந்தால் தலைகீழாகவும் அது நிற்கும். பிறகு கண்ணாடியில் பாருங்கள், பத்தடி தள்ளிப் பாருங்கள், அந்தி மங்கலில் விளக்குப் போடாமல் பாருங்கள். மங்கலில் மூன்று நான்கு பெரிய நிறைகளாக அது பிரிந்து தெரிய வேண்டும். ஏழெட்டாகச் சிதறினால் சாம்பல்களில் இரண்டை ஒன்றாக்குங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்பார்கள். காசி என்று சொன்னதும் அவர்கள் கண் கோயிலைத் தேடும். தேடி அலுத்து, கொஞ்ச நேரம் சும்மா நிற்பார்கள். அப்போது குறுக்கிட்டு விளக்காதீர்கள். அந்தச் சும்மா நிற்கும் நேரத்தில்தான் படம் அவர்களோடு பேசுகிறது. அவர்கள் கை எந்த இடத்தைச் சுட்டுகிறது என்று மட்டும் பாருங்கள். இரண்டு மூன்று பேர் ஒரே இடத்தைச் சுட்டி, இங்கே என்னவோ உறுத்துகிறது என்றால் அந்த இடத்தில் வேலை பாக்கி இருக்கிறது. ஒருவர்கூட எதையும் சுட்டவில்லை என்றால் படம் இன்னும் அலங்காரமாகவே இருக்கிறது. நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும்.

படி 9: பெயரும் பின்பக்கமும்

ராம் குமார் தம் படங்களுக்கு வாராணசி என்றோ, பெயரிடாமலோதான் பெரும்பாலும் விட்டார். முக்தி, மோட்சம், நித்தியம் போன்ற பெயர்களை நீங்களும் தவிர்த்துவிடுங்கள். படம் சுமக்க வேண்டியதைப் பெயர் சுமக்கத் தொடங்கிவிடும். பாதுகாப்பு வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். வண்ணம் தடிமனாக இருந்தால் இன்னும் அதிகம்.

முன்பக்கம் கையெழுத்துக்கூட வேண்டியதில்லை என்பது என் வழக்கம். கித்தானின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுகிறேன். இப்போது என் சுவரில் சாய்ந்திருப்பதன் முதுகில் இருப்பது இவ்வளவுதான்: தர்பங்கா கட்டம், தை மாதம், காலை, தண்ணீருக்கு மேல் 31 படி.